இடது இறக்கையில் ஒரு கட்டைவிரல்

மனித குலத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு, ஆல்டர்பி மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தின் பின்னறையில் கூடிய ஆல்டர்பி பிளாஸ்டிக் மாடல் சங்கம், நீண்ட விவாதத்துக்கும் இரண்டு தட்டு பிஸ்கட்டுக்கும் பிறகு, பின்வரும் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது: "காலஞ்சென்ற உறுப்பினர் நெவில் பிரிட்ஜன் தமது வல்கன் குண்டுவீச்சு விமான மாடலுக்குப் பூசியிருக்கும் பச்சை தவறான பச்சை என்பதை இச்சங்கம் ஆழ்ந்த வருத்தத்துடன் பதிவு செய்கிறது."

முன்மொழிந்தவர் தலைவர் ஜெரால்ட் தார்னலி. வழிமொழிய யாரும் கை தூக்காததால் தலைவரே வழிமொழிந்தார். வந்திருந்தவர்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் அப்போது கழிவறையில் இருந்தார். நெவிலுக்கான இரங்கல் தீர்மானம் அடுத்ததாக இருந்தது. ஏழு மணிக்கு எடைக் குறைப்புக் குழுவுக்கு அறையை விட்டாக வேண்டும் என்பதால் அது ஒத்திவைக்கப்பட்டது.

இதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதியவன் நான். செயலாளர். பெயர் ஹவர்ட். பகலில் சமையலறை அலமாரி விற்கிறேன்.

நெவிலைத் தகனம் செய்து அன்றைக்குப் பதினோரு நாள்.

எங்கள் சங்கத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வளர்ந்த ஆண்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், உள்ளங்கையளவு போர் விமானங்களைப் பசை போட்டு ஒட்டி, வர்ணம் அடித்து, ஒருவர் செய்ததை மற்றவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக் குறை சொல்வோம். ஜெரால்ட் குறை சொல்வதைத் தொழிலாகவே செய்தவர். முப்பத்தைந்து வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் நஷ்ட மதிப்பீட்டாளர். வெள்ளத்தில் மிதக்கும் சோபாவைச் சுற்றி வந்து, "இது வெள்ளத்துக்கு முன்னாடியே பழசு" என்று எழுதிக் கொடுப்பதற்குச் சம்பளம் வாங்கியவர். அவர் வீட்டில் வர்ண அட்டைகள் மட்டும் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன.

நெவில் வேறு மாதிரி. பதினெட்டு வயதில் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தான். விமானம் ஓட்ட அல்ல, வர்ணம் அடிக்க. லிங்கன் நகருக்குத் தெற்கே இருக்கும் தளத்தில் பன்னிரண்டு வருடம், நிஜமான வல்கன்களுக்கு நிஜமான பச்சையை அடித்தான். பிறகு கவுன்சிலுக்காகப் பூங்கா வேலிகளுக்கு வேறொரு பச்சை. ஓய்வு பெற்ற பிறகு எங்களோடு வந்து உட்கார்ந்து, அதிகம் பேசாமல், தன் பாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருந்தான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் வல்கனுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தவன், மாரடைப்பில் போய்விட்டான்.

தகனம் முடிந்த மறுவாரம் அவன் மனைவி லோர்னா கூப்பிட்டாள் என்று போனேன்.

"ஷூவைத் துடைச்சிட்டு வா கண்ணு. கார்ப்பெட் பாவம்," என்றாள் கதவைத் திறந்ததும். எனக்கு ஐம்பத்தேழு வயது. எங்கள் பக்கத்தில் எழுபதைத் தொட்ட பெண்களுக்கு எல்லாருமே கண்ணுதான். போஸ்ட்மேன், டாக்டர், வருமான வரிக்காரன் உட்பட.

மேசையில் எதையும் அவள் நகர்த்தியிருக்கவில்லை. செய்தித்தாள் விரித்தபடி கிடந்தது. நடுவில் கம்பித் தாங்கியின் மேல் வல்கன். இரண்டு உள்ளங்கையையும் விரல் விரித்துச் சேர்த்து வைத்த அகலம். பெரிய முக்கோண இறக்கை, சாம்பலும் பச்சையும் அலையலையாக. சக்கரங்கள் பக்கத்தில் ஒரு மார்ஜரின் டப்பாவில்.

"பத்து மணிக்கு டீ குடுத்தேன்," என்றாள் லோர்னா. "பதினொண்ணரைக்கு எட்டிப் பார்த்தா டீ அப்படியே இருக்கு. ஏரோப்ளேன் அதோட தாங்கியில பத்திரமா இருக்கு. இந்த மனுஷன்தான் தரையில. நெஞ்சு வலிக்கும்போது அதைக் கீழ போடாம எடுத்து வச்சிட்டு, அப்புறமா விழுந்திருக்கார் பாரு. நாப்பத்தஞ்சு வருஷத்துல என்னை ஒரு தடவை அவ்வளவு பத்திரமாப் பிடிச்சிருந்தா..."

விரலால் காட்டினாள். இடது இறக்கையில், உடலோடு சேரும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, காயாத பச்சையில் ஒரு கட்டைவிரல் அழுந்திக் காய்ந்திருந்தது. ஒவ்வொரு ரேகையும் தெரிந்தது. குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. எங்கள் எல்லாருக்கும் கட்டைவிரலில் அப்படி ஒன்று உண்டு. கத்தி எப்போதும் அங்கேதான் வழுக்கும்.

வெளியாட்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்தில் வர்ணத்தில் கைரேகை விழுவது, கொலைக்கு ஒரு படி கீழே இருக்கும் குற்றம். அதைப் பார்த்த உடனே என் கை தானாகவே உப்புத்தாளைத் தேடியது. பாக்கெட்டுக்குள் அதை அடக்கிக்கொண்டேன்.

"சக்கரத்தை ஒட்டி நிக்க வச்சிக் குடுங்க," என்றாள் லோர்னா. "பறக்கிற மாதிரி வேணாம். தரையில நிக்கணும். பியானோ மேல வைக்கப்போறேன். ஆனா இதை யாரும் தொடக் கூடாது." குனிந்து தன் கட்டைவிரலை அந்தக் குழியில் மெல்ல வைத்தாள். "தினமும் காலையில வந்து இப்படி வச்சிப் பார்க்கிறேன். கிழவிக்குப் பைத்தியம்னு நினைக்காதே."

"நினைக்கல."

"நினைச்சா நினைச்சுக்கோ. தொடாம இருந்தாப் போதும்."

"சத்தியமா தொட மாட்டோம்."

"நீ தொட மாட்டே. அந்த ஜெரால்டு? எங்க நாப்பதாவது கல்யாண நாளுக்கு கேக் மேல ஐசிங்ல ஏரோப்ளேன் போட்டிருந்தேன். ரெண்டு எஞ்சின் குறையுதுன்னு சொன்ன ஆளு அவன். கேக்கை வாயில வச்சிக்கிட்டே சொன்னான்."

"நான் பார்த்துக்கறேன் லோர்னா."

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று சக்கரத் தொகுதிகளை ஒட்டுவது அரை மணி நேர வேலை. அன்றைக்கே என் வீட்டில் செய்து மறுநாள் காலை திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நான் ஒரு நல்ல காரியம் செய்வதை நாலு பேர் பார்க்க வேண்டுமென்று எனக்கு ஆசை. அதனால் செவ்வாய்க்கிழமைவரை காத்திருந்து, வல்கனைத் துணிக்கூடையில் துண்டு சுற்றி வைத்து, சங்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஜெரால்ட் முதலில் தொப்பியைக் கழற்றினார். பிறகு கண்ணாடியை மாற்றினார். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து, இறக்கையின் மேல் சாய்த்து அடித்தார். தீ விபத்து நடந்த வீட்டுக்குள் நுழைகிற முகம்.

"இது பச்சை இல்லை," என்றார்.

"அப்ப என்ன, ஊதாவா?" என்றான் மிக் ஸ்லைட். மிக் உருளைக்கிழங்கு லாரி ஓட்டியவன். எங்களிலேயே நன்றாக வர்ணம் அடிப்பவன் அவன்தான். அதை ஒருவரும் அவனிடம் சொன்னதில்லை.

"பச்சைதான். அந்தப் பச்சை இல்லை. மஞ்சள் தூக்கலா இருக்கு." ஜெரால்ட் வர்ண அட்டையை எடுத்து இறக்கைக்குப் பக்கத்தில் பிடித்தார். "பாரு. பகல் வெளிச்சத்துல பார்த்தா இன்னும் மோசமா இருக்கும்."

"நிஜ ப்ளேனுக்கே அடிச்சவன் தலைவரே அவன். பன்னெண்டு வருஷம். சளிகூடப் பச்சையாத்தான் வந்துச்சுன்னு சொல்லுவான்."

"ஞாபகம் ஆதாரம் ஆகாது மிக்."

"நீங்க ஒரு வல்கனையாவது தொட்டுப் பார்த்திருக்கீங்களா?"

"தொடணும்னு என்ன அவசியம்? என்கிட்ட புத்தகம் இருக்கு."

அதற்குப் பிறகுதான் ஜெரால்ட் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் நாங்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்போம். ஏப்ரலில் லிங்கனில் நடக்கும் மாவட்டக் கண்காட்சியில் நினைவாஞ்சலிப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, நெவிலின் வல்கனைச் சங்கத்தின் பெயரால் அதில் வைக்க வேண்டும், அந்த மேசைக்கு நாலு மாவட்டத்து ஆட்கள் வருவார்கள், தப்பான பச்சையோடு வைத்தால் செத்தவன் பெயருக்கு இழுக்கு, உயிரோடு இருந்திருந்தால் நெவிலே இதைத்தான் விரும்பியிருப்பான் என்று சொல்லிக்கொண்டே போனார். உயிரோடு இருந்தவரை நெவில் எந்தக் கண்காட்சிக்கும் எதையும் அனுப்பியதில்லை என்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை.

"கட்டைவிரல் இருக்கு," என்றேன் நான். "அதைத் தொடக் கூடாதுன்னு லோர்னா சொல்லியிருக்காங்க. சத்தியம் பண்ணியிருக்கேன்."

ஜெரால்ட் டார்ச்சை அணைத்தார். வலது கையை நெஞ்சில் வைத்தார். எனக்கே கண் கலங்கும்போல் இருந்தது. அந்த மனிதருக்கு நடிக்கத் தெரியாது, அவர் நிஜமாகவே அப்படித்தான்.

"எழுதிக்கோ ஹவர்ட். இடது இறக்கை, கட்டைவிரல். பாதுகாக்கப்பட்ட பகுதி."

எழுதினேன். கீழே கோடும் போட்டேன்.

"மேலேயே புதுசா அடிச்சா மூணு பூச்சு ஆயிடும், தகடு சேர்ற கோடெல்லாம் மூழ்கிடும். அதனால சுரண்டி எடுத்துட்டுத்தான் அடிக்கணும். அந்த இடத்தை மட்டும் மூடி வச்சிக்குவேன். நானே வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். வேற யாரையும் நம்பி விட முடியாது."

அந்த இடத்தில் நான், "வேணாம் தலைவரே, சக்கரத்தை மட்டும் ஒட்டிக் குடுத்துடறேன்," என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் எடைக் குறைப்புக் குழுவின் பெண்கள் எடை பார்க்கும் மெஷினோடு உள்ளே வந்துவிட்டார்கள். "இன்னும் ரெண்டு நிமிஷம்," என்றார் ஜெரால்ட். "போன வாரமும் ரெண்டு நிமிஷம்னுதான் சொன்னீங்க," என்றாள் முதலாவதாக வந்தவள், அவருடைய வர்ண அட்டை மேல் மெஷினை வைத்துவிட்டு. கூட்டம் கலைந்தது. ஜெரால்ட் வல்கனைக் குழந்தையைப்போல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு காருக்குப் போனார்.

பதினோரு நாள் கழித்து, சனிக்கிழமை காலையில் போன் செய்தார். "ஒரு சின்ன விஷயம். மிக்கோட கராஜுக்கு வந்துடு."

இன்சூரன்ஸ்காரர்கள் சின்ன விஷயம் என்று சொன்னால் வீடு எரிந்துவிட்டது என்று அர்த்தம்.

கராஜில் மிக்கின் வேலை மேசை மேல் வல்கன் இருந்தது. அடித்த வர்ணம் ஒரு பொட்டுகூட இல்லாமல், உரித்த கோழிபோல வெளுத்துக் கிடந்தது. இடது இறக்கையைப் பார்த்தேன். வலது இறக்கை எப்படியோ அப்படித்தான் இருந்தது.

"எங்க?" என்றேன்.

"செய்முறையில எந்தத் தப்பும் நடக்கல," என்றார் ஜெரால்ட். "அந்த ரப்பர் திரவத்தை மேல தடவினேன். தடவினா தோல் மாதிரி காயும், அடியில இருக்கிறதைக் காப்பாத்தும், உனக்கே தெரியும். சுத்தியும் அடுப்பு சுத்தம் பண்ற ஸ்ப்ரேயை அடிச்சேன். பழைய வர்ணம் அழகா வந்துச்சு. கழுவினேன். கடைசியா அந்தத் தோலை உரிச்சேன்."

"உரிச்சா?"

"தோலோட வந்துருச்சு."

மிக் ஒரு துணியை எடுத்து ஏற்கெனவே சுத்தமாக இருந்த கையைத் துடைத்துக்கொண்டான்.

"அந்தத் தோல் எங்க? அதுல இருக்கும்ல?" என்றேன். "அதையாவது கொண்டுபோய்க் குடுக்கலாம்."

"சுருங்கிப்போச்சு ஹவர்ட். பார்க்க நல்லாயில்ல. குப்பையில போட்டுட்டேன்."

"குப்பைத் தொட்டியில பார்க்கலாம் வாங்க."

"வியாழக்கிழமை வண்டி வந்துட்டுப் போயிருச்சு."

வெளியே பக்கத்து வீட்டுக்காரன் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். வானொலியில் கால்பந்து பற்றி யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்ககிட்டச் சொல்லிடலாம்," என்றேன்.

"சொல்லி? அவங்க மனசு கஷ்டப்படும்."

"அவங்க மனசா, உங்க மனசா?"

"எல்லார் மனசும்தான்," என்றார் ஜெரால்ட். அப்போது முதல் தடவையாக அவர் முகம் கொஞ்சம் தொங்கிப்போயிருந்ததைக் கவனித்தேன். அவர் தூங்கி இரண்டு நாள் ஆகியிருக்கும். அதோடு நிறுத்தியிருந்தால் அவரை மன்னித்திருப்பேன். ஆனால் அவர் பையைத் திறந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். சுரண்டுவதற்கு முன்னால் எடுத்தது. கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேல். பழக்க தோஷம், சேதத்தை அளக்காமல் அவரால் எதையும் தொட முடியாது.

"இருபத்தொரு மில்லிமீட்டர் அகலம்," என்றார். "சாய்வு பதினஞ்சு டிகிரி. எல்லாத்துக்கும் ஆதாரம் இருக்கு. இதை நம்மால திரும்பச் செய்ய முடியும்."

நானும் மிக்கும் அவரைப் பார்த்தோம். பிறகு அவமானகரமான ஒன்று நடந்தது: எங்கள் இருவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. செய்ய முடியுமா என்ற கேள்வியை எங்கள் முன்னால் வைத்தால், செய்யலாமா என்ற கேள்வி எங்களுக்கு மறந்துபோகும். சங்கமே அப்படித்தான் ஓடுகிறது.

மிக் பழைய இறக்கைத் துண்டுகளைக் கொண்டுவந்து பச்சை அடித்தான். ஆளுக்கொன்றாக அழுத்திப் பார்த்தோம். ஜெரால்டின் விரல் இருபத்தாறு மில்லிமீட்டர், தகுதியிழந்தது. மிக்கின் கட்டைவிரல் நுனியை எண்பத்தெட்டாம் வருடம் உருளைக்கிழங்கு பிரிக்கும் எந்திரம் எடுத்துக்கொண்டிருந்தது. என்னுடையது இருபத்தொன்றரை.

"அடேயப்பா," என்றார் ஜெரால்ட், புகைப்படத்தையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்து. "அற்புதம்."

என் கட்டைவிரலை யாரும் அதுவரை பாராட்டியதில்லை.

"தழும்பு இவனுக்கு வேற பக்கம் போகுதே," என்றான் மிக்.

"அதை ஊசியால போட்டுடலாம்."

"ஒண்ணு சொல்லட்டுமா?" மிக் தயங்கினான். "நெவில் கலக்கின பச்சை, பாட்டில்ல மீதி இருக்கும். அவங்க வீட்டுல கேட்டா குடுப்பாங்க. அதையே அடிச்சிட்டா..."

ஜெரால்ட் நிமிர்ந்தார். தொங்கிப்போன முகம் பழையபடி இறுகியது. "தெரிஞ்சே தப்பான பச்சையை அடிக்கச் சொல்றியா? செத்துப்போன ஒரு மனுஷன் பேருல?"

இப்போது நினைத்தால், அந்தக் கராஜில் அன்றைக்குப் பேசப்பட்ட ஒரே உருப்படியான வார்த்தை மிக்குடையதுதான். அதை அடக்கியது ஜெரால்ட் அல்ல. நான். "பச்சையை யாருடா பார்க்கப்போறா," என்றேன். "லோர்னாவுக்கு விரல்தான் முக்கியம்."

சரியான சாம்பல், அதன் மேல் சரியான பச்சை, புத்தகத்தில் உள்ள எண்ணின்படி. பச்சை அடித்து முப்பத்தைந்து நிமிடம் காத்திருந்து, தொட்டால் ஒட்டியும் ஒட்டாத பதத்தில் அழுத்தினேன். முதல் தடவை விரல் வழுக்கியது. துடைத்து மறுபடி அடித்தோம். இரண்டாவது தடவை ஜெரால்ட், "உயிர் இல்லை," என்றார். மூன்றாவது தடவை அழுத்தும்போது, நெஞ்சு வலித்தால் எப்படிப் பிடிப்பான் என்று நினைத்துக்கொண்டு அழுத்தினேன். நன்றாக விழுந்தது. அப்படி நினைத்ததற்காக இன்றுவரை எனக்கு என்மேல் அருவருப்பு இருக்கிறது. ஜெரால்ட் ஊசியால் தழும்பைப் போட்டார், நாக்கை லேசாக வெளியே நீட்டிக்கொண்டு.

ஏப்ரலில் லிங்கனில் கண்காட்சி நடந்தது. நினைவாஞ்சலிப் பிரிவில் மொத்தம் மூன்று மாடல்கள். எங்களுக்கு மூன்றாவது இடம். நடுவரின் சீட்டில் பென்சிலால் எழுதியிருந்தது: "வர்ணம் மிகச் சரி. இடது இறக்கையில் கைரேகை, கவனக்குறைவு."

ஜெரால்ட் அங்கேயே உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு மறுப்புக் கடிதம் எழுதினார். அந்தக் கைரேகை கவனக்குறைவு அல்ல, முழுக் கவனத்தோடு செய்யப்பட்டது, புகைப்பட ஆதாரம் இணைப்பில் உள்ளது என்றெல்லாம். நடுவர் குழு டீ இடைவேளையில் கூடி ஆராய்ந்து பதில் கொடுத்தது: எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவுள்ள மாடலில் இந்த விரலை நிஜ அளவுக்கு மாற்றினால் ஒன்றரை மீட்டர் அகலம் வருகிறது, அப்படியொரு விரலுள்ள ஊழியர் விமானப்படையில் பணிபுரிந்ததற்கு ஆதாரம் சமர்ப்பிக்கப்படவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் மூன்று பேரும் லோர்னா வீட்டுக்குப் போனோம். ஜெரால்ட் சங்கத்து டை கட்டியிருந்தார். மிக் ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருந்தான். வல்கன் சொந்தச் சக்கரங்களில் நின்றது, மரப்பலகை மேல், நெவிலின் பெயர் பொறித்த தகட்டோடு.

"இந்தத் துயரமான, அதே சமயம் பெருமைக்குரிய தருணத்துல..." என்று ஜெரால்ட் தொடங்கினார்.

"பியானோ மேல வை கண்ணு," என்றாள் லோர்னா என்னிடம்.

வைத்தேன். ஜெரால்ட் பேசிக்கொண்டே இருந்தார். லோர்னா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தாள். விரலை நீட்டினாள். வைக்கவில்லை. இறக்கையிலிருந்து ஓர் அங்குலம் மேலே அப்படியே நிறுத்தியிருந்தாள். பிறகு திரும்பி, எங்களைத் தாண்டி, சமையலறைக்குப் போனாள். இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு கட்டு பிளாஸ்டிக் கரண்டிகள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியது. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வோம். கலக்கிய வர்ணத்தைக் கரண்டியின் முதுகில் அடித்து, காயவைத்து, வெளிச்சத்தில் பார்ப்போம். ஒவ்வொன்றின் காம்பிலும் நெவிலின் கையெழுத்தில் ஓர் எண்.

"நாப்பத்தோரு கரண்டி," என்றாள். "மூணு மாசம். ஒவ்வொண்ணையும் ஜன்னல்ல வச்சிட்டு, லோர்னா இதுவா அதுவா, லோர்னா இதுவா அதுவான்னு உயிரை வாங்கினார். எனக்கு எல்லாம் கீரை மாதிரிதான் தெரிஞ்சுது. கடைசியில எனக்கே வித்தியாசம் தெரிய ஆரம்பிச்சிருச்சு." நாற்பத்தொன்றாவது கரண்டியை உருவி, இறக்கையில் விரல் பதிந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

என் கண்ணுக்கே தெரிந்தது. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் குருடனுக்கும் தெரியும்.

"இது அவர் பச்சை இல்ல," என்றாள். "அப்ப அவர் விரல் எப்படி இதுல வந்துச்சு?"

"லோர்னா, ஆதாரப்பூர்வமா பார்த்தா அந்தப் பச்சை..." என்றார் ஜெரால்ட்.

"உன்னை நான் கேக்கல ஜெரால்டு." அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரோடது?"

"என்னோடது."

"இந்தத் தழும்பு?"

"ஊசி."

தலையாட்டினாள். சமையலறை அலமாரிக்கு என்ன மரம் என்று கேட்டுவிட்டு, நான் சொன்ன பதிலை ஏற்றுக்கொள்ளும் வாடிக்கையாளரைப்போல. "பழசு எங்க?"

"குப்பையில போயிருச்சு. மார்ச் பதினாலாந் தேதி."

"வியாழக்கிழமை," என்றாள் லோர்னா. "நானும்தான் அன்னைக்குத் தொட்டியை வெளிய தள்ளி வச்சேன்."

அதற்குப் பிறகு எங்களை அவள் திட்டியிருக்கலாம். கரண்டிகளை எடுத்து ஜெரால்டின் தலைமேல் வீசியிருக்கலாம். மிக் அதைத்தான் எதிர்பார்த்தான்போல, கதவோரமாக ஒதுங்கி நின்றான். அவள் போய்க் கெட்டிலைப் போட்டாள். எங்கள் ஊரில் கெட்டில் போட்ட சத்தம் கேட்ட பிறகு யாரும் வீட்டைவிட்டுப் போக முடியாது. மூன்று பேரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்தோம். டீ வந்தது. எலுமிச்சை கேக் வந்தது. "சர்க்கரை?" என்றாள். "ரெண்டு," என்றான் மிக். இருபது நிமிடம் குடித்தோம். நெவில் சாப்பிட்ட மேசையில் இப்போது பூ ஜாடி ஒன்று இருந்தது. வல்கன் பியானோ மேல் நின்றது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஜெரால்ட் கேக் நன்றாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார்.

எழுந்தபோது அவள் வல்கனைப் பலகையோடு எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"எடுத்துட்டுப் போயிடு கண்ணு. உன் விரலை நான் தினமும் தொட்டுப் பார்த்துட்டு இருந்தா நல்லா இருக்காது. உன் பொண்டாட்டிக்கும் பிடிக்காது."

"மன்னிச்சிடுங்க லோர்னா."

"வேலை சுத்தமாத்தான் இருக்கு," என்றாள். "படியில பார்த்து இறங்கு. பாசி."

தெருவில் ஜெரால்ட் காரைத் திறக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். "நாப்பத்தோரு கரண்டி," என்றார். பிறகு, தாங்க முடியாதவரைப்போல, "அப்படியும் மஞ்சள் தூக்கல்தான்," என்றார். மிக் நடந்தே வீட்டுக்குப் போனான். அவன் வீடு நாலு மைல்.

மே மாதக் கூட்டத்தில் இரங்கல் தீர்மானம் நிறைவேறியது. அதோடு, "நெவில் பிரிட்ஜன் நினைவுப் பணி இனிதே நிறைவுற்றது, மாடல் குடும்பத்தாரிடம் முறைப்படி ஒப்படைக்கப்பட்டது" என்று எழுதிக்கொள்ளும்படி தலைவர் சொன்னார். மிக் வரவில்லை. எழுதினேன்.

வல்கன் என் கார் டிக்கியில் கிடக்கிறது.